ஸ்லீவ் அறுவைத் திசுவில் ஹெலிகோபாக்டர் பைலோரி: எதிர்மறை முடிவின் எல்லை

எடைக் குறைப்புக்கான ஸ்லீவ் அறுவையில் நீக்கிய இரைப்பைப் பகுதியில் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியா தென்படாவிட்டால், நோயாளிக்குத் தொற்றே இல்லை எனக் கொள்ளும் வாசிப்பு இத்துறையில் வேரூன்றியிருக்கிறது. அத்திசுவில் குடல்வகை உருமாற்றமும் புற்றுநோயும் அரிது என்பதால், அறுவைக்கு முன் எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும் தேவையில்லை என்ற பரிந்துரையும் அதிலிருந்தே பிறக்கிறது. கிடைத்த சான்று இந்த இரண்டு முடிவுகளையும் தாங்காது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வகத்துக்கு வரும் திசு எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸிலிருந்து 2 முதல் 6 செ.மீ. தள்ளி ஸ்டேப்ளர் வைத்து, மேற்பகுதியான ஃபண்டஸையும் பெரிய வளைவையும் வெட்டியெடுக்கிறார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தின் பெரும்பகுதி, சிறிய வளைவு, அவ்வளைவின் மடிப்பான இன்சிசுரா ஆகிய மூன்றும் நோயாளியின் உடலிலேயே தங்கிவிடுகின்றன. தொற்று வழக்கமாக அடர்ந்திருப்பது ஆன்ட்ரத்தில். சுரப்பிச் சிதைவும் குடல்வகை உருமாற்றமும் பெரும்பாலும் தொடங்குவது ஆன்ட்ரத்திலும் இன்சிசுராவிலும். இரைப்பை அழற்சியை வகைப்படுத்த 1994இல் ஹூஸ்டனில் திருத்தப்பட்ட சிட்னி முறை ஆன்ட்ரத்தில் இரண்டு, இரைப்பை உடற்பகுதியில் இரண்டு, இன்சிசுராவில் ஒன்று என ஐந்து பயாப்ஸி கேட்பது இதனால்தான். நோய் முதலில் தோன்றும் இடத்தை விட்டுவிட்டு எடுத்த மாதிரியில் நோய் அரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்த அரிய எண்ணிக்கை நோயாளியின் இரைப்பையை விட ஸ்டேப்ளர் போன பாதையையே அதிகம் காட்டுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை எடுப்பவர்களிடம் பாக்டீரியா ஆன்ட்ரத்திலிருந்து மேல்நோக்கி நகர்கிறது. ஆகவே ஃபண்டஸ் திசுவே போதும் என்பார்கள். நகர்வது உண்மைதான். ஆனால் அதே மாத்திரைகள் பாக்டீரியாவின் எண்ணிக்கையையும் குறைக்கின்றன. எஞ்சியவை சுரப்பிகளின் ஆழத்தில், சில வேளை உருண்டை வடிவில் கிடக்கின்றன. வழக்கமான ஹீமடாக்ஸிலின்–இயோசின் சாயத்தில் அவை எளிதில் தப்பிவிடும். சளிப்படலத்தில் லிம்ஃபாய்டு முடிச்சு இருக்கிறது, குழிகளின் எபிதீலியத்துக்குள் நியூட்ரோஃபில்கள் நுழைந்திருக்கின்றன, பாக்டீரியா மட்டும் கண்ணில் படவில்லை. இப்படிப்பட்ட ஸ்லைடை எதிர்மறை என்று முடித்துவிடலாகாது. கீம்சா சாயமோ இம்யூனோ சாயமோ போட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

இந்தியாவில் தொற்று மிகுதி, இரைப்பைப் புற்றுநோய் குறைவு என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மிசோரம் இந்நாட்டில்தான் இருக்கிறது. அங்கே அப்புற்றுநோய் நாட்டிலேயே மிக அதிக அளவில் காணப்படுகிறது. வங்காளம், தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம், ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியோரும் நிக்கோபாரிகளும் சேர்ந்து வாழும் அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்துக்கு நாட்டுச் சராசரி எவ்வகையில் பொருந்தும்?

அந்தமான் நிக்கோபாரில் ஆண்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அவர்களில் ஒருவர் சென்னையில் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பினால், அவரோடு வருவது டிஸ்சார்ஜ் சம்மரியும் திசு அறிக்கையும்தான். தீவுக்கூட்டத்தின் தென்கோடியிலுள்ள கேம்பல் பே, தலைநகர் ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து (முன்னாள் போர்ட் பிளேர்) 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே வாழ்பவருக்கு மறு எண்டோஸ்கோப்பி என்பது கடல் கடக்கும் வேலை. பெருநகரத்தில் அடுத்த சந்திப்பில் திருத்தக்கூடிய தவறான ஆறுதல் தீவில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்த ஒரு தொற்றுக்கு இவ்வளவு இடம் கொடுக்க முடியாது.

எதிர்மறையான ஸ்லீவ் திசுக்கள் எல்லாவற்றிலும் தொற்று ஒளிந்திருப்பதாக நான் சொல்லவில்லை. அத்திசு மட்டும் தொற்றின்மைக்குச் சான்றாகாது என்பதே என் நிலை. அமிலக் குறைப்பு மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தி, பயணத்துக்கு முன்பே மல ஆன்டிஜன் பரிசோதனை செய்யலாம். அறுவைக்கு முந்தைய எண்டோஸ்கோப்பியில் ஆன்ட்ரத்திலும் இன்சிசுராவிலும் பயாப்ஸி எடுக்கலாம். செலவு கூடும் என்ற ஆட்சேபம் அறுவையின் மொத்தச் செலவுக்கு முன் நிற்காது. திசு அறிக்கையில் ஒரு வரியும் சேர வேண்டும்: ஆன்ட்ரத்தின் பெரும்பகுதி இம்மாதிரியில் இல்லை, தொற்று இல்லை என உறுதிசெய்ய வேறு பரிசோதனை தேவை. தீவில் அந்த அறிக்கையைப் பிரிக்கும் மருத்துவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வரி தீர்மானிக்கும்.