கண்டி மாவட்டமும் 2005 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலும்

குருநாகலிலிருந்து மாவத்தகமை வழியாகக் கண்டிக்குச் செல்லும் வீதி, கலகெதரவை அண்மியதும் சமவெளியை விட்டு மலையேறத் தொடங்குகின்றது. கண்டியரசர் காலத்தில் இவ்விடம் காவலரண் அமைந்த கணவாயாக விளங்கிற்று. 1803 இல் மக்டவல் தளபதியின் ஆங்கிலப் படை தலைநகரை நோக்கி ஏறிய வழியும் இதுவே. இக்காலத்தில் இக்கணவாய்க்கு அண்மையிற் செல்வது குருநாகல் மாவட்டத்தையும் கண்டி மாவட்டத்தையும் பிரிக்கும் எல்லையாகும். 2005 நவம்பர் 17 ஆந் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில், இவ்வெல்லைக்கு மேற்கேயுள்ள குருநாகல் மாவட்டம் மகிந்த இராசபக்சவுக்குப் பெரும்பான்மை அளித்தது. கிழக்கேயுள்ள கண்டி மாவட்டம் இரணில் விக்கிரமசிங்கவுக்குப் பெரும்பான்மை அளித்தது. மத்திய மலைநாட்டின் தலைமை மாவட்டம், நாடு தெரிந்தெடுத்தவரை விடுத்து மற்றவரைத் தெரிந்தமைக்குக் காரணம் யாது என்பதும், அப்பெரும்பான்மை ஏன் பயன்படாது போயிற்று என்பதும் ஈண்டு ஆராயத்தக்கன.

முதற்கண் எண்களை நோக்குதல் வேண்டும். கண்டி மாவட்டத்தில் இரணில் விக்கிரமசிங்க பெற்ற வாக்குகள் 387,150; அஃதாவது 54.33 சதவீதம். மகிந்த இராசபக்ச பெற்றவை 315,672, அஃதாவது 44.30 சதவீதம். இருவர்க்கும் இடையிலான வேறுபாடு 71,478. நாடு முழுவதிலுமோ மகிந்த இராசபக்ச 4,887,152 வாக்குகளையும், இரணில் விக்கிரமசிங்க 4,706,366 வாக்குகளையும் பெற்றனர். வேட்பாளர் பதின்மூவருள் ஏனைய பதினொருவரும் பெற்றவை மிகச் சொற்பமே.

இத்தேர்தலிற் கட்சிகள் அணிவகுத்த முறை தெளிவானது. சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவின் பதவிக்காலம் 2005 இறுதியிலேயே முடிவுறும் என உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகத்து மாதத்திற் கூறியதும் தேர்தல் நெருங்கிற்று. செத்தெம்பர் மாதத்தில் மகிந்த இராசபக்ச மக்கள் விடுதலை முன்னணியோடும், பௌத்த பிக்குகளின் தலைமை பெற்ற சாதிக எல உறுமயவோடும் உடன்படிக்கை செய்துகொண்டார். ஒற்றையாட்சியைப் பேணுதலும், 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையை மீளாய்வு செய்தலும் அவற்றின் சாரம். மறுபுறத்தில், அப்போர்நிறுத்தத்தைச் செய்த இரணில் விக்கிரமசிங்கவை இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும், மலையக மக்கள் முன்னணியும், சிறீ லங்கா முசிலிம் காங்கிரசும் ஆதரித்தன.

கண்டியின் முடிவைச் சிறுபான்மையோரின் வாக்கு ஒன்றே தந்தது என்று கூறுவாருமுளர். இக்கூற்று முழுதும் ஏற்கத்தக்கதன்று. 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்திற் சிங்களர் ஏறத்தாழ 74 சதவீதத்தினர். முசிலிம்கள் 13 சதவீதத்தினர். இலங்கைத் தமிழரும் இந்திய வமிசாவழித் தமிழரும் சேர்ந்து 12 சதவீதத்தினர். சிங்களரல்லாத அனைவரும் ஒருவர் விடாமல் இரணில் விக்கிரமசிங்கவுக்கே வாக்களித்தனர் என்று கொண்டாலும், எஞ்சிய 28 சதவீதம் சிங்கள வாக்காளரிடமிருந்தே வந்திருத்தல் வேண்டும். அஃதாவது சிங்கள வாக்காளர் நூற்றுவரில் 38 பேராவது அவரை ஆதரித்தனர். ஒருவர் விடாமல் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஐந்தில் நான்கு பங்கினர் என்று கொண்டால் அத்தொகை 45 ஆக உயர்கின்றது. குடிசன வீதமும் வாக்காளர் வீதமும் ஒன்றல்லவாதலின் இஃது அண்ணளவான கணக்கே. குடித்தொகையிற் சிறுவரும் அடங்குவர். பிரசாவுரிமை அற்றோரும் அடங்குவர். ஆயினும் உண்மையின் எல்லையை இக்கணக்கு உணர்த்தப் போதும்.

இம்முடிவு வியப்புக்குரியதொன்று. தலதா மாளிகையும் மல்வத்தை, அசுகிரிய பீடங்களும் அமைந்த நகர் கண்டி. 1998 சனவரி 25 இல் அம்மாளிகையே குண்டுத்தாக்குதலுக்கு இலக்காயிற்று. சமயத்தின் பெயராலும் போரின் வடுவாலும் எழுப்பப்படும் குரல் எங்கேனும் ஓங்கி ஒலிக்குமெனின் அஃது இங்கேயே என்று எதிர்பார்த்தல் இயல்பு. எனினும் அக்குரலோடு இணைந்த அணி இம்மாவட்டத்தைக் கைப்பற்றவில்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கண்டியில் நெடுங்காலமாக இருந்த வேர் இதற்கொரு காரணம். போர்நிறுத்தத்தால் வந்த அமைதியும், அதனோடு வந்த உல்லாசப் பயணிகளும், வணிகமும் பிறிதொரு காரணமாகலாம். பதின்மூன்று வாக்கெடுப்புப் பிரிவுகளைக் கொண்ட இம்மாவட்டம் ஒரு தன்மைத்தன்று. வயலும் கிராமமும் நிறைந்த பகுதிகளும், அக்குறணை போன்ற முசிலிம் வணிகவூர்களும், நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களும் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன.

தோட்டப்பகுதி வாக்கின் வரலாறு தனித்து நோக்கற்பாலது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த கே. இராசலிங்கம் பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, ஐந்தாண்டுகளுக்கு முன் வாக்களித்த தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் பெயர் இடாப்பில் இல்லை. அவர்கள் இடம் மாறவில்லை, தொழில் மாறவில்லை, அதே லயன்களிலேயே வாழ்ந்தனர். மாறியது சட்டம் ஒன்றே. 1964 ஒற்றோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 150,000 பேரைப் பற்றிய முடிவைப் பின்னுக்கு ஒதுக்கிற்று. மனிதரைத் தொகையாக வைத்து இரு அரசுகள் பங்கிட்ட இவ்வொப்பந்தம், அவர்தம் விருப்பை வினவாமலே செய்யப்பட்டது என்பதை மறத்தலாகாது.

படிப்படியாகப் பல சட்டங்கள் வந்தபின், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்த நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த நாடற்றவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. பாராளுமன்றம் அதனை ஒருமனதாக நிறைவேற்றிற்று. அவ்வாண்டு நவம்பரில் பத்து நாட்களுள் 190,000 பேருக்கு மேற்பட்டோர் பிரசாவுரிமை பெற்றனர். அப்பொழுது பிரதமராக இருந்தவர் இரணில் விக்கிரமசிங்க. இரண்டாண்டின் பின் வந்த சனாதிபதித் தேர்தலில் மலையகத் தமிழரின் பெரும்பகுதி எப்பக்கம் நின்றது என்பதை, அவர்கள் செறிந்து வாழும் நுவரெலியா மாவட்டத்தின் முடிவே காட்டும். அங்கு வாக்குகளிற் பத்தில் ஏழு பங்களவு அவர்க்கே கிடைத்தது. கண்டி மாவட்டத் தோட்டங்களில் வாழ்வோர் அவர்களின் உறவினரே. ஒரே தொழிற்சங்கங்களின் உறுப்பினருங்கூட.

இனி, கண்டியின் பெரும்பான்மை பயன்படாது போனமையை நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலம் ஒன்றை வென்றவர்க்கே, பெரும்பாலும், அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியர். 2000 ஆம் ஆண்டில் ஆல் கோர் நாடு முழுவதிலும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் முந்தியும், புளோரிடாவில் 537 வாக்குகளாற் பிந்தியமையாற் பதவியை இழந்தார். இலங்கையில் அம்முறை இல்லை. இங்கு மாவட்டம் எண்ணுதற்குரிய ஓர் அலகு மட்டுமே. வாக்குகள் யாவும் நாட்டின் ஒரே குவியலிற் சேர்வன. செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேற் பெறுபவரே முதல் எண்ணிக்கையில் வெல்வர். 2005 இற் செல்லுபடியான வாக்குகள் 9,717,039. அவற்றின் பாதியைத் தாண்டி மகிந்த இராசபக்ச பெற்றவை ஏறத்தாழ 28,600 மட்டுமே. கண்டியில் மட்டும் அவர் 71,478 வாக்குகளாற் பிந்தினார் என்பதனோடு இதனை ஒப்புநோக்குக. ஆகவே கண்டியின் வாக்கு வீணானதன்று; முடிவை விளிம்புவரை தள்ளிச் சென்ற வாக்குகளுள் அதுவும் ஒன்று.

விளிம்பைத் தாண்டாமைக்குரிய காரணம் கண்டியில் இல்லை, வடக்கில் உள்ளது. தமிழீழ விடுதலைப் புலிகளின் நிலைப்பாட்டால் அங்கு வாக்களிப்புப் புறக்கணிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்ட இடாப்பில் இருந்த 701,938 பேருள் வாக்களித்தோர் 8,524 பேர். கிளிநொச்சித் தொகுதியில் அளிக்கப்பட்ட வாக்கு ஒன்றே ஒன்று. புலம்பெயர்ந்தோரின் பெயர்கள் நீக்கப்படாமையால் அவ்விடாப்பு ஊதிப் பெருத்திருந்தது உண்மை. எனினும் அதனைக் கழித்து நோக்கினும், நாடளாவிய வேறுபாடான 180,786 க்கு முன் அங்கு அளிக்கப்படாத வாக்குகள் சிறியன அல்ல. வாக்களித்த சிலருள்ளும் பத்தில் ஏழு பங்கினர் இரணில் விக்கிரமசிங்கவையே தெரிந்தனர். புறக்கணிப்பில் மக்களின் விருப்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று அளந்து பிரித்தல் எளிதன்று. ஆனால் வாக்குச்சாவடிக்குச் செல்ல எண்ணியவர்க்கு அன்று வழி திறந்திருந்தது என்று கூறுதல் பொருந்தாது. தோட்டத்துத் தமிழர் அரைநூற்றாண்டு காத்திருந்து பெற்ற உரிமையை மலைநாட்டிற் பயன்படுத்திய அதே நாளில், வடக்கிலே அவ்வுரிமை வாளா கிடந்தது.

ஓராண்டு கழியுமுன்னரே போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதத்தில் அது முடிவுற்றபின், 2010 ஆம் ஆண்டுத் தேர்தலிற் கண்டி மாவட்டம் மகிந்த இராசபக்சவுக்கு 54 சதவீத வாக்குகளை அளித்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் அவருடைய எதிராளிக்கு அளித்த வீதமும் அதுவே. 2015 சனவரி 8 இல் அது மறுபடியும் மாறி, மைத்திரிபால சிறிசேனவுக்கு 54 சதவீதத்துக்கு மேல் வழங்கிற்று. அம்முறை யாழ்ப்பாண மாவட்டமும் திரண்டு வாக்களித்தது. கண்டியின் பெரும்பான்மை அம்முறை தோற்கவில்லை.