சந்தையின் பெயரில் ஒரு சேனை

தலைநகர்வாழ் தமிழருக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் புதிய இடமன்று. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நல்ல மீனும் வேண்டுமென்றால் நம் கால்கள் தாமாகவே அத்திசை நோக்கி நடக்கும். பை நிறைந்ததும் வீடு திரும்புவோம். ஆயினும், பலகாலும் நாம் உச்சரிக்கும் அம்மூன்றெழுத்தின் பொருள் யாது என்று நம் பிள்ளைகள் வினவினால், தயங்காது விடை கூற நம்மில் எத்தனை பேரால் இயலும்?

இந்திய தேசிய இராணுவம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஐ.என்.ஏ. அங்குள்ள கடைகளின் முகவரியில் 'மோகன் சிங் மார்க்கெட்' என்ற பெயரையும் காணலாம். அவ்விராணுவத்தை முதன்முதலில் அமைத்தவர் பெயரும் மோகன் சிங் என்பதே. அண்டையிலேயே லட்சுமிபாய் நகர். சற்றுத் தொலைவில் நேதாஜி நகர். இப்பெயர்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு வரலாறு விரிகின்றது. அவ்வரலாற்றில் தமிழர்க்குரிய பங்கு சிறிதன்று.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய இந்திய வீரர் பல்லாயிரவர் கைதிகளாயினர். அவர்களிலிருந்து கேப்டன் மோகன் சிங் ஒரு விடுதலைப் படையைத் திரட்டினார். ஆனால் ஜப்பானியர் அதனைத் தம் கருவியாகக் கொள்ள முயல்கின்றனர் என ஐயுற்று அவர்களோடு முரண்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சிறைப்பட்டார். தளர்ந்து நின்ற படைக்கு 1943 ஜூலையில் தலைமையேற்று உயிரூட்டியவர் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ். 'டெல்லி சலோ' என்ற முழக்கம் அப்போது எழுந்தது.

அதைக் கேட்டு வந்தவருள் மலேயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர் பலர். மரம் சீவிப் பால் எடுத்த கைகள் துப்பாக்கி ஏந்தின. அவருள் இந்தியாவைக் கண்ணாலும் கண்டறியாத இளைஞரும் இருந்தனர். தாய்நாடு என்பது அவர்க்குப் பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர்ப்பெயர் மட்டுமே.

1858இல் போர்க்களத்தில் மாண்ட ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயரால் ஒரு மகளிர் படையும் உருவாயிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் 1914இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1940இல் சிங்கப்பூர் சென்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜானகி, நேதாஜியின் உரை கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றித் தந்தார். பின்னர் தந்தையின் எதிர்ப்பையும் மீறித் தம்மையே தந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என மலேசியாவில் புகழ்பெற்ற அவருக்கு 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. எந்த ஜப்பானியரின் துணையோடு இப்படை போரிட்டதோ, அதே ஜப்பானியர்தாம் தோட்டத் தமிழரைச் சயாம் – பர்மா இரயில் பாதை அமைக்க இட்டுச் சென்றனர். நோயாலும் பசியாலும் அங்கே மடிந்தோர் பல்லாயிரவர். ஒரே தோட்டத்து லயத்திலிருந்து ஒருவர் படைக்கும், மற்றொருவர் சயாமுக்கும் போன காலம் அது. வீரத்தைப் போற்றும் நாம் அத்துயரத்தையும் உடன்வைத்தே எண்ண வேண்டும்.

1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. டெல்லி செங்கோட்டையில் கொடியேற்றக் கிளம்பிய படையின் தளபதிகள், அதே கோட்டைக்குக் கைதிகளாகவே கொண்டுவரப்பட்டனர். 1945 நவம்பர் 5இல் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீதும் விசாரணை தொடங்கியது. புலாபாய் தேசாய் வாதாடினார். நேருவும் வழக்கறிஞர் அங்கி அணிந்து அமர்ந்தார். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் ஒன்றாய்க் கூண்டில் நின்ற காட்சி நாட்டையே உலுக்கியது. ஆயுள் தண்டனை விதித்தும் அதனை நிறைவேற்ற அரசு துணியவில்லை. 1946 ஜனவரியில் மூவரும் விடுதலையாயினர். பிரேம் சேகலையே 1947இல் கேப்டன் லட்சுமி மணந்தார். கான்பூரில் ஏழை எளியோர்க்கு மருத்துவம் பார்த்து, 2012இல் மறைந்தார்.

போர்க்களத்தில் தோற்ற படை மக்கள் மனத்தில் வென்றது. எனினும் விடுதலைக்குப் பின்னரும் அதன் வீரர்கள் இந்திய இராணுவத்தில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. பெயர் அறியப்பட்டோர் சிலர். காடுகளில் வீழ்ந்த தோட்டத் தமிழர் பலரின் பெயர்கள் நம்மை வந்தடையவே இல்லை.

நாம் பிழைப்பு நாடி இரயிலேறி டெல்லி வந்தோம். அவர்களோ டெல்லி நோக்கிப் புறப்பட்டு, அதனைக் காணாமலே மறைந்தனர். அடுத்த முறை அச்சந்தைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கையில், காய்கறி வாங்குமுன் அந்தப் பெயரை அவர்களுக்கு விளக்குவோம். பெயரறியா அவ்வீரர்க்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் அதனால் தீரும்.