பஞ்சவாத்தியமும் ஒரு திருவில்வாமலை ஐயரும்

பஞ்சவாத்தியம் ஆயிரம் வருஷத்துப் பழமை உடையது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாத்தியங்கள் பழையவைதான், சந்தேகமில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் தரும் தோற்கருவிப் பட்டியலிலேயே இடக்கை, மத்தளம், திமிலை மூன்றும் இடம் பெற்றிருக்கின்றன. ஆனால் இன்று திருச்சூர் பூரத்திலும் நெம்மாறை வேலையிலும் நாம் மெய்ம்மறந்து கேட்கிற வடிவத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை. 1930-களில் அதைச் செதுக்கியவர்களில் முதலாவதாகச் சொல்லப்படும் பெயர் திருவில்வாமலை வெங்கடேஸ்வர ஐயர். கேரளத்தில் வெங்கிச்சன் ஸ்வாமி என்றால்தான் தெரியும். நம் அங்கத்தினர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள விசாரம்.

நான் மூணாறில் தேயிலைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதிக் காலம் கழித்தவன். பங்குனி பிறந்து நெம்மாறை வேலை நெருங்கினால் மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாக பஸ் மாறி மாறிப் போய்விடுவேன். தோட்டத்தில் மேல்நாட்டு சங்கீதத்தில் பற்றுள்ள அதிகாரி ஒருவர் இருந்தார். "உங்கள் கோயில் வாத்தியத்தில் சத்தம் இருக்கிறது, அமைப்பு எங்கே?" என்று கேட்பார். அவர் போட்டுக் காட்டிய இசைத்தட்டுகளில் ஒன்று, பிரெஞ்சுக்காரரான ராவேல் 1928-ல் எழுதிய 'பொலேரோ'. அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் முதன்முதலில் பஞ்சவாத்தியத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

பொலேரோவில் சிறு முரசு ஒன்று ஒரே தாள அடியை ஏறக்குறைய 15 நிமிஷம் மாற்றாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒரே ராகத் துணுக்குகள் புல்லாங்குழல், கிளாரினெட், டிராம்போன் என்று கைமாறிக்கொண்டு வரும். வேகம் கூடாது. வாத்தியங்கள் சேரச் சேர கனம்தான் கூடும். கேட்க சுகமானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பஞ்சவாத்தியம் இதற்கு நேர் எதிரான வழியில் மேலே ஏறுகிறது. ஆட்கள் கூடுவதில்லை, பெரிய மேளங்களில் ஏறக்குறைய 60 பேர், ஆரம்பித்தவர்களேதான் முடிப்பவர்களும். சுருங்குவது தாள வட்டம்.

சங்கை மூன்று முறை நீட்டி ஊதியதும் பதிகாலம் தொடங்கும். (சங்கு ஐந்து வாத்தியங்களின் கணக்கில் சேராது. திருவாரூரின் ஐந்து முகப் பஞ்சமுக வாத்தியமும் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பதிகாலத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 896 அக்ஷரம். அடுத்த காலத்தில் அது பாதியாகி 448. பிறகு 224, 112, 56. அதோடு முன்பாதி முடிகிறது. அப்புறம் சற்றே தளர்வான பின்பாதியில் 28, 14, 7 என்று இறங்கி ஒன்றில் வந்து நிற்கும். நமக்குப் பழக்கமான திரிபுடையின் ஏழை ஏழு தடவை இரட்டித்துப் பாருங்கள், 896 வரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தாளம் ஏழின் கணக்கில் இருக்க, நடை மட்டும் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் எட்டு அக்ஷரச் செம்படையைப் பின்பற்றிப் போகும். ஆதி தாளத்தில் ஊறிய நம் காது ஏமாறும் இடம் இதுதான்.

நிற்கும் வரிசையிலும் கணக்கு உண்டு. நடுநாயகமாகத் திமிலைப் பிரமாணி நிற்பார், இருபுறமும் திமிலைக்காரர்கள், பின்னால் இலைத்தாளம். எதிர் வரிசையில் மத்தளங்கள், அவற்றின் பின்னால் வளைந்த கொம்புகள். இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் இரு முனைகளிலும் இடக்கை. மேல்நாட்டு வாத்தியக் குழுவுக்குக் கோலுடன் ஒருவர் தனியாக நிற்க வேண்டும். இங்கே நடத்துகிறவரே வாசிக்கவும் செய்கிறார். திமிலை பலா மரத்தில் கடைந்த நீளமான வாத்தியம், வெறுங்கையால் வாசிப்பது. இடக்கையோ நம் உடுக்கையின் உறவு. கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஸ்வரத்தையே வரவழைப்பார்கள். கொம்பு ஒன்றுதான் காற்று வாத்தியம். ஆனாலும் அது ராகம் பாட வரவில்லை, தாளத்துக்குத்தான் கை கொடுக்கிறது.

வெங்கிச்சன் ஸ்வாமியின் பங்கு எங்கே என்றால், கட்டுக்கும் மனோதர்மத்துக்கும் இடம் பிரித்துக் கொடுத்ததில். எல்லோரும் கூட்டாகக் கொட்டும் பகுதி முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டது. அதற்கு நடுவில் திமிலை, மத்தளம், இடக்கை ஒவ்வொன்றும் முறை வைத்துத் தன் கற்பனையை விரித்து, அடுத்தவர் கையில் ஒப்படைக்கும். செண்டை மேளத்தில் இந்தச் சுதந்திரம் இவ்வளவு கிடையாது. இதை அவர் தனியாகச் செய்யவில்லை. மத்தளத்தில் மாதவ வாரியர், திமிலையில் அன்னமனடை அச்சுத மாராரும் செங்கமநாடு சேகரக் குறுப்பும், இடக்கையில் பட்டிராத்து சங்கர மாரார் ஆகியோர் கூட இருந்தார்கள். திமிலையும் இடக்கையும் வழிவழியாகப் பெரும்பாலும் மாரார்கள் கையில் இருந்தவை. அந்த நாளில் ஒரு ஐயர், கோயில் கொட்டுக்காரர்களோடு வரிசையில் நின்று கனத்த மத்தளத்தை வாசித்து, அவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து காலப் பிரமாணம் பேசியிருக்கிறார். நம் குல கௌரவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏனோ இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. பழயன்னூரில் பிறந்த பாலக்காடு மணி ஐயரை உலகமே கொண்டாடியது, நியாயந்தான். அதற்குப் பக்கத்து ஊர்தான் திருவில்வாமலை.

அவருடைய வித்தை வீணாகவில்லை. 1930-ல் வள்ளத்தோள் தொடங்கிய கலாமண்டலத்தில் அவர் மத்தளம் கற்பித்தார். அதே திருவில்வாமலையில் பிறந்த கலாமண்டலம் அப்புக்குட்டிப் பொதுவாள் அவருடைய சீடர். கதகளி அரங்கில் அவர் மத்தளமும் கிருஷ்ணன்குட்டிப் பொதுவாளின் செண்டையும் பெரிய ஜோடி. பாலக்காட்டுப் பக்கத்திலேயே பல்லாவூர் சகோதரர்களான அப்பு மாரார், மணியன் மாரார், குஞ்ஞுக்குட்ட மாரார் மூவரும் இந்த வடிவத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார்கள். மத்தளம் செய்யும் கைவினைக்குப் பேர் போன பெருவெம்பும் பாலக்காடு ஜில்லாதான்.

முதல் தடவை போகிறவர்கள் யானைக்கு அருகில் போய் நிற்காமல், இடக்கைக்காரர் நிற்கும் முனையில் இடம் பிடியுங்கள். இரண்டு வரிசையும் அங்கிருந்துதான் ஒன்றாகக் கேட்கும். பதிகாலம் இழுக்கிறதே என்று காபி சாப்பிடப் போய்விடாதீர்கள். இலைத்தாளத்தைப் பிடித்துக்கொண்டு கையில் எண்ணி வாருங்கள். கடைசியில் மற்றவை ஒதுங்கி, திமிலைகள் மட்டும் எஞ்சி நிற்கும். அதற்குத் திமிலை இடைச்சல் என்று பெயர்.