தொப்புள்கொடிக் குருதிக் குருத்தணுக்கள்

தொப்புள்கொடிக் குருதி என்பது, மகப்பேற்றின்பின் தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் எஞ்சியிருக்கும் குருதி ஆகும். குருதியணுக்களை உருவாக்கும் குருத்தணுக்கள் இதில் உள்ளன. 1988இல் பாரிசில் எலியான் குளுக்மன் குழுவினர், பான்கோனி இரத்தச்சோகையுற்ற சிறுவனுக்கு, அவனுடைய தங்கையின் தொப்புள்கொடிக் குருதியைச் செலுத்தி முதன்முதலில் வெற்றி கண்டனர்.

சேமிப்பு

இக்குருதி, −196 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள நீர்ம நைட்ரசனில் உறைநிலையில் பேணப்படுகிறது. சென்னையில் லைஃப்செல் நிறுவனம் 2004இல் தொடங்கப்பட்டது. தாய்க்கு முன்சூல்வலிப்பு இருப்பின், கிடைக்கும் குருதியின் அளவு குறையக்கூடும்.

வரம்புகள்

குழந்தைக்கு மரபுவழி நோய் இருப்பின், அதே பழுது அதன் குருத்தணுக்களிலும் இருக்கும். ஆகவே சேமித்த குருதி அக்குழந்தைக்கே பயன்படுவது அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தனியார் சேமிப்பைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இக்குருதியால் குணப்படுத்தக்கூடிய நோயுள்ள உடன்பிறப்பு இருக்கும் குடும்பங்கள் இதற்கு விதிவிலக்காகும்.