தாம்பரம் வட்டாரத்துக் காட்டுயிர் வழித்தடங்கள்

துண்டுபட்ட காடுகளுக்கு இடையே விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளும் போய்வர உதவும் நிலப்பகுதி காட்டுயிர் வழித்தடம் எனப்படும். தமிழகத்தில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு நீலகிரியின் சீகூர் யானை வழித்தடம். அதைக் காக்கும் அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. தாம்பரத்தில் நிலைமை வேறு. இங்கே யானை இல்லை, இடைவிடாத காட்டுப் பட்டைக்கு இடமும் இல்லை. நன்மங்கலம் காப்புக்காடு, சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம், வண்டலூர்க் காடு ஆகிய மூன்றுக்கும் நடுவில் கிடப்பது பெரும்பாலும் பட்டா நிலம். அதனால் வீட்டுத் தோட்டத்திலும் பள்ளி வளாகத்திலும் அடுக்குமாடிச் சுற்றுச்சுவர் ஓரத்திலும் நடப்படும் மரங்களே இந்த வட்டாரத்தில் வழித்தடம் ஆக முடியும்.

காட்டுத் துண்டுகள்

முட்புதர்க்காடும் உலர் பசுமைமாறாக் காடுமே இந்தச் சமவெளியின் இயல்பான காடுகள். மேடவாக்கத்தை ஒட்டி நன்மங்கலத்தில் சுமார் 320 ஹெக்டேர் காப்புக்காடாக எஞ்சியிருக்கிறது. கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. தெற்கே, 1985இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைச் சுற்றி வண்டலூர்க் காடு. கிழக்கே, 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலம்.

தனித்துவிடப்பட்ட சிறு துண்டில் உயிரினங்கள் ஒவ்வொன்றாக அற்றுப்போகும் என்பதை மெக்கார்தர், வில்சன் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1967இல் வெளியிட்ட தீவு உயிர்ப்புவியியல் கோட்பாடு விளக்குகிறது. வெளியிலிருந்து புது வரவு இல்லாத இடத்தில் ஒரு நோயோ வறட்சியோ வந்தால் இழப்பை ஈடுகட்ட வழியில்லை. கிண்டி தேசியப் பூங்காவிலும் அடுத்துள்ள ஐ.ஐ.டி. வளாகத்திலும் சுவர்களுக்குள் அடைபட்ட வெளிமான்கள் இதற்குக் கண்முன் உள்ள சாட்சி.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் வேளச்சேரி சாலையும் தரையில் நடக்கும் பெரிய விலங்குகளைத் தடுத்துவிடுகின்றன. நாலு மரம் நட்டால் மான் வரும் என்று சொல்வது தவறான நம்பிக்கை. வந்தாலும் வாகனத்துக்கும் தெருநாய்க்கும்தான் இரையாகும். இங்கே மரங்கள் இணைக்கக்கூடியது பறப்பவற்றையும் ஏறுபவற்றையும்: குக்குறுவான், சின்னான், மாங்குயில், பழந்தின்னி வௌவால், பட்டாம்பூச்சி, மரநாய். இவற்றுக்குத் தொடர்ச்சியான காடு தேவையில்லை, தங்கிச்செல்ல அடுத்தடுத்து மரக்கூட்டம் இருந்தால் போதும். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக நன்மங்கலம் நோக்கியும், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர் வழியாக வண்டலூர் நோக்கியும் அப்படிப்பட்ட தங்குமிடங்கள் அமைய வேண்டும்.

கல்லூரிக் காடு

சென்னை ஜார்ஜ் டவுனில் இயங்கிய கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்தின் புதர்க்காட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. வளாகத்தின் பரப்பு 365 ஏக்கர். அதைப் பசுமையாக்கியதில் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ், அவர் மனைவி ஆலிஸ் ஆகியோரின் பங்கு பெரிது. பார்ன்ஸ் தென்னிந்திய மலைகளில் செடிகளைத் தேடிச் சேகரித்தவர். அரிசீமா பேரினத்தில் ஓர் இனம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர்கள் நட்டதோடு, இருந்த புதர்க்காட்டை அழிக்காமல் விட்டதும் சேர்ந்தே இந்த வளாகத்தைக் காடாக வைத்திருக்கிறது. சுற்றிலும் ஊர் நெருக்கமாக வளர்ந்துவிட்ட பிறகும் தனியார் நிறுவனம் ஒன்றின் நிலம் காட்டின் வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தப் பக்கத்தில் இல்லை.

தனியார் நிலத்தில் காட்டை மீட்கும் பணி தமிழகத்தில் முறையாகத் திட்டமிட்டு நடப்பதற்கு வால்பாறை எடுத்துக்காட்டு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோர் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து, தேயிலை, காப்பி எஸ்டேட்டுகளுக்குள் சிதைந்துகிடந்த மழைக்காட்டுத் துண்டுகளை, எஸ்டேட் நிர்வாகங்களின் ஒப்புதலோடு, அந்தந்த இடத்துக்குரிய மரங்களை நட்டு மீட்டு வருகின்றனர்.

எதை நடுவது

எந்த மரமானாலும் நிழல்தானே என்ற எண்ணம் இங்கே பயன்படாது. 2016 டிசம்பர் 12இல் வீசிய வர்தா புயலில் வேரோடு சாய்ந்தவற்றில் தூங்குமூஞ்சி, மயில்கொன்றை போன்ற அயல்நாட்டு மரங்கள் ஏராளம். இந்த மண்ணுக்கு உலக்கைப்பாலை, வீரை, காயா, குருந்து, நாவல், விளா, புங்கன் ஆகியவை உரியவை. அடியில் களாவும் சூரையும் புதராக வளர வேண்டும். குருந்தின் இலையைக் கறிவேப்பிலை அழகியின் புழு தின்னும். ஆடுதின்னாப் பாளைக் கொடி இருந்தால் சிவப்புடல் அழகி முட்டையிட வரும். பெரிய வளாகமென்றால் ஆல், இச்சி, அத்தி அவசியம்: வேறு பழம் கிடைக்காத மாதங்களிலும் இவற்றில் ஏதாவது ஒன்று காய்த்திருக்கும். வந்து உட்காரும் பறவைகள் எச்சத்தோடு விதைகளைப் போட்டு, நாம் நடாததையும் நட்டுவிடும். வீட்டுச் சுவரருகே மட்டும் இந்த மூன்று மரங்களும் வேண்டாம்.

சருகும் வழித்தடத்தின் பகுதியே. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே வரும் ஆறுமணிக் குருவி அக்டோபர் வாக்கில் சென்னை வீடுகளின் கொல்லையில் களைத்துப்போய் இறங்குவதுண்டு. அது சருகைக் கிளறித்தான் புழுவும் பூச்சியும் தின்னும். நாள்தோறும் பெருக்கி எரிக்கப்படும் தோட்டத்தில் எவ்வளவு மரம் இருந்தாலும் அதற்கு அங்கே இரை இல்லை. காலிமனைகளில் மண்டும் சீமைக் கருவேலத்தையும் ஒரே நாளில் வழித்தெறியக் கூடாது. நாட்டு மரங்கள் தலையெடுக்கும்வரை பறவைகள் அதில்தான் ஒதுங்கும்.

2022 செப்டம்பரில் வண்டலூரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கு கொண்டது. ஆனால் மரங்களின் எண்ணிக்கையைப் போலவே அவற்றின் இருப்பிடமும் முக்கியம். கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் எனப்படும் இத்துண்டுகள் அடுத்த மனைப்பிரிவின் ஒதுக்கீட்டை ஒட்டியோ ஏரிக்கரையை ஒட்டியோ அமைந்தால் தங்குமிடங்கள் தாமாகவே வரிசைப்படும்; அருகிலுள்ள வீட்டுக்காரர்களின் மரங்கள் இடைவெளியை நிரப்பும்.

சென்னை வட்டாரத்தின் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆவணி, புரட்டாசியில் நட்டால் கன்று அந்த மழையில் வேர்பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும், ஆடுமாடு கடிக்காமல் வேலியும் தேவை.