முகவர், முகவரி, முப்பது நாள்

சட்டம் ஒரு நிறுவனத்துக்கு ஆள்தன்மையைத் தரலாம். கைகால்களைத் தர இயலாது. நிறுவனம் சொத்து வாங்கும், கடன் கொடுக்கும், தன் பெயரிலேயே வழக்கும் தொடுக்கும். ஆனால் அதன்மீது வழக்குத் தொடுக்க வருபவர் அழைப்பாணையை யார் கையில் கொடுப்பது? நீதிமன்றத் தமிழில் 'சார்வு செய்தல்' எனப்படும் இச்செயல் நிகழாமல் எதிர்த்தரப்பு விசாரணைக்குள் வருவதில்லை. எனவேதான் ஒவ்வொரு நாட்டின் நிறுவனச் சட்டமும் உடலற்ற இந்த ஆளுக்கு ஒரு முகத்தை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. தமிழில் முகவர், முகவரி ஆகிய இரு சொற்களிலும் 'முகம்' இருப்பது இங்குக் கருதத்தக்கது. ஒன்று ஆளைச் சுட்டுகிறது. மற்றொன்று இடத்தைச் சுட்டுகிறது. சட்டம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது.

அமெரிக்க மாநிலங்களில் இவ்வாறு பெயர் கொடுக்கப்படுபவர் 'பதிவு முகவர்' எனப்படுகிறார். இந்த ஏற்பாட்டின் தோற்றம் மாநில எல்லைச் சிக்கலில் உள்ளது. நிறுவனம் தன்னைப் படைத்த அரசின் எல்லைக்குள்ளேயே வாழ்கிறது, எல்லை கடந்து குடிபெயர இயலாது என்று 1839இல் அகஸ்டா வங்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருதியது. ஆனால் அதே தீர்ப்பு, பிற மாநிலங்களில் அது வணிகம் செய்வதற்கு இடம் தந்தது. வணிகம் எல்லை தாண்டியது, பொறுப்பு தாண்டவில்லை. இந்த இடைவெளியை லஃபாயெட் காப்பீட்டு நிறுவன வழக்கு ஓரளவு அடைத்தது. இந்தியானாவில் உருவான அந்நிறுவனம் ஒஹாயோவில் வணிகம் செய்தது. அங்கிருந்த அதன் முகவரிடம் அழைப்பாணை கொடுத்தால் போதும் என்னும் ஒஹாயோச் சட்டம் செல்லும் என 1855ஆம் ஆண்டு அமர்வில் அதே நீதிமன்றம் ஏற்றது. எங்கள் மண்ணில் வணிகம் செய்ய வேண்டுமானால் இங்கே ஒரு முகத்தை வைத்துவிட்டுச் செய் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இங்கிலாந்தில் 1872இல் இதே கேள்வி எழுந்தது. கோல்ட் துப்பாக்கி நிறுவனம் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதற்கு இலண்டனில் அலுவலகம் இருந்தது. அந்த அலுவலகத்தின் வழியாக அதற்குச் சார்வு செய்யலாம் என நீதிமன்றம் முடிவு செய்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் இதை எழுத்து வடிவக் கடமையாக்கியது. அயல்நாட்டு நிறுவனம் ஒன்று அங்கே வணிக இடம் நிறுவினால், தன் சார்பில் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள அங்கு வசிக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும்.

இந்த வாசகத்தின் சாயலிலேயே 1913ஆம் ஆண்டு இந்திய நிறுவனச் சட்டத்தின் 277ஆம் பிரிவு அமைந்தது. அக்காலத்து இந்திய வணிக உலகில் 'ஏஜென்ட்' என்றால் வேறு பொருள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 'மேனேஜிங் ஏஜென்சி' முறையில் முகவரே நிறுவனத்தை ஆண்டார். பல ஆலைகளும் தோட்டங்களும் சுரங்கங்களும் ஒரே முகவர் குழுவின் பிடியில் இருந்தன. அம்முறை 1970 ஏப்ரலில் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. 277ஆம் பிரிவு குறித்த முகவருக்கு அத்தகைய அதிகாரம் எதுவும் இல்லை. அவர் தாளைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. அதிகாரம் மிக்க முகவர் மறைந்தார். அதிகாரமற்ற முகவர் இன்றும் தொடர்கிறார்.

1956ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடமையை 592ஆம் பிரிவில் வைத்தது. 597ஆம் பிரிவில் ஒரு நிலவியல் முடிவையும் எடுத்தது. அயல்நாட்டு நிறுவனம் கொடுக்க வேண்டிய ஆவணங்கள் புதுதில்லிக்கு அதிகாரம் உள்ள பதிவாளரிடம் சேர வேண்டும். முதன்மை வணிக இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலப் பதிவாளருக்கும் தனியே ஒரு படி போக வேண்டும். சென்னையில் அலுவலகம் வைத்தாலும் அயல்நாட்டு நிறுவனத்தின் முகம் தில்லியில்தான் பதிவாயிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த 2014ஆம் ஆண்டு விதிகளும் தொடக்கத்தில் தில்லிப் பதிவாளரையே சுட்டின.

பெயரைக் கொடுப்பதைவிட மாறிய பெயரைக் கொடுப்பதே கடினமான பகுதி. தில்லியின் மோதி பாக், நடுவண் அரசு ஊழியர் குடியிருப்புகளால் அறியப்படும் பகுதி. பணிமாற்றல் ஆணை வந்ததும் ஒரு குடும்பம் வெளியேறுவதும் மற்றொன்று வந்து சேர்வதும் அங்கே இயல்பு. அதை ஒட்டிய தெரு ஒன்றில் வாடகைக்குக் குடியிருப்பவரை ஓர் அயல்நாட்டு நிறுவனம் தன் பிரதிநிதியாகப் பதிவு செய்திருப்பதாகக் கொள்வோம். அவர் வீடு மாறினாலும், வேலையை விட்டாலும், இறந்தாலும், பதிவேட்டில் பழைய பெயரும் பழைய கதவு எண்ணும் அப்படியே நிற்கும். ஆகவே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 380ஆம் பிரிவு, மாற்றம் நேர்ந்த முப்பது நாளுக்குள் அதைத் தெரிவிக்கச் சொல்கிறது. அதற்குரிய படிவம் எஃப்.சி.-2. பார்வைக்கு எழுத்தர் வேலை. ஆனால் வழக்காடுபவருக்கு அதுவே வாசற்கதவு.

பழைய சட்டம் இந்த ஆபத்தை முன்னுணர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 596ஆம் பிரிவில் ஒரு காப்பு வாசகம் இருந்தது. நிறுவனம் பெயர் கொடுக்கத் தவறினால், அல்லது பெயர் கொடுக்கப்பட்டவர் இறந்துவிட்டால், இந்தியாவில் வசிப்பதை விட்டுவிட்டால், பெற்றுக்கொள்ள மறுத்தால், நிறுவனத்தின் எந்த இந்திய வணிக இடத்திலும் ஆவணத்தை விட்டுச் செல்லலாம் அல்லது அஞ்சலில் அனுப்பலாம். மறதி, மரணம், இடப்பெயர்ச்சி, மறுப்பு என்னும் நான்கையும் ஒரே வாக்கியம் எண்ணிப் பார்த்திருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 383ஆம் பிரிவில் மின்னணு வழி சேர்ந்தது. அந்தக் காப்பு வாசகம் இடம்பெறவில்லை.

உள்நாட்டு நிறுவனத்துக்கு ஆளைவிட இடமே முதன்மை. பதிவு அலுவலகம் மாறினால் அதையும் இப்போது முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சென்னை, கோவை என இரு பதிவாளர் அலுவலகங்கள் கொண்ட தமிழ்நாட்டில், ஒன்றன் எல்லையிலிருந்து மற்றொன்றன் எல்லைக்குள் போக மண்டல இயக்குநரின் உறுதிப்படுத்தலும் தேவை. 1990களில் பொதுமக்களிடம் பங்குப் பணம் திரட்டிக் காணாமற்போன நிறுவனங்களை அடையாளம் காண அரசு வகுத்த அளவுகோல்களுள் ஒன்று, பதிவு செய்த முகவரியில் அலுவலகம் இல்லாமை. 2019இல் நடைமுறைக்கு வந்த ஒரு படிவம், அலுவலகத்தின் வெளிப்புறப் படத்தையும் உள்ளே இயக்குநர் ஒருவர் இருக்கும் படத்தையும் கேட்டது. முகவரி என்னும் எழுத்தை நம்ப இயலாத அரசு இறுதியில் முகத்தையே கேட்டது.

முகம் இல்லாதபோது என்ன நிகழும் என்பதற்குப் போபால் சான்று. 1984 டிசம்பர் 2-3 இரவு நச்சுவாயு கசிந்த ஆலை யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்துக்கு உரியது. அதன் பங்குகளில் 50.9 விழுக்காடு அமெரிக்கத் தாய் நிறுவனத்திடம் இருந்தது. இந்திய நிறுவனத்துக்கு இங்கே முகவரி இருந்தது. தாய் நிறுவனமோ சட்டத்தின் பார்வையில் தனி ஆள். துணை நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பது மட்டும் இந்தியாவில் 'வணிக இடம்' ஆகிவிடுவதில்லை. 1987இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. தாய் நிறுவனம் முன்னிலையாகவில்லை. 1992இல் போபால் நீதிமன்றம் அதைத் தலைமறைவானதாக அறிவித்தது. 1994இல் இந்தியப் பங்குகள் விற்கப்பட்டன. 2001இல் டௌ கெமிக்கல் தாய் நிறுவனத்தை வாங்கியது. 2010இல் இந்திய அதிகாரிகளும் இந்திய நிறுவனமும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தபோது தாய் நிறுவனத்தின் இருக்கை வெறுமையாகவே இருந்தது. டௌ நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட அழைப்பாணைகளுக்குப் பல ஆண்டுகள் கழித்து, 2023இல், அதன் வழக்கறிஞர்கள் போபால் நீதிமன்றத்துக்கு வந்தனர். வந்து, அந்நீதிமன்றத்துக்குத் தங்கள்மீது அதிகார வரம்பு இல்லை என்று வாதிட்டனர். இழப்பீட்டையும் தண்டனையையும் பற்றிய பெரிய விவாதங்களுக்கு அடியில், யாரிடம் எங்கே சார்வு செய்வது என்னும் சிறிய கேள்வி இவ்வாறு பல பத்தாண்டுகளை விழுங்கியது.

ஆலையும் அலுவலகமும் இன்றியே வணிகம் நடக்கும் காலத்தில் அரசு மீண்டும் அதே கேள்விக்குத் திரும்பியிருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர் கொண்ட சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவில் வசிக்கும் அலுவலர் மூவரை அமர்த்தவும், இந்தியாவில் ஒரு நேரடி முகவரியை வெளியிடவும் கோரின. அவ்வாண்டு ஜூனில் டுவிட்டரின் இடைக்காலக் குறைதீர் அலுவலர் விலகினார். அடுத்த மாதம், தற்காலிக ஒப்பந்தத்தில் ஒருவரை அமர்த்தியிருப்பதாக நிறுவனம் சொன்னதைத் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயருக்கு ஒரு முகம் போதாது என்பது அந்த அதிருப்தியின் பொருள். ஆனால் இங்கே முகவரின் இயல்பே மாறிவிட்டது. 1913இன் முகவர் தாளைப் பெற்றுக்கொள்பவர். 2021இன் இணக்க அலுவலர் நிறுவனத்தின் தவறுக்குத் தாமே வழக்கைச் சந்திக்கக்கூடியவர். அஞ்சற்பெட்டியாக இருந்தவர் பிணையாளாகியிருக்கிறார். இது பொறுப்புடைமையை வளர்க்குமா, கருத்துரிமைமீது அரசின் பிடியை இறுக்குமா என்னும் விவாதம் அதிலிருந்தே எழுகிறது.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். அழைப்பாணையைப் பெற ஓர் ஆள் வேண்டும் என்பது வழக்காடுபவரின் உரிமை; தண்டிக்கத்தக்க ஓர் ஆள் கைக்கெட்டும் தொலைவில் வேண்டும் என்பது அரசின் விருப்பம். முதலாவது நிறைவேற ஒரு படிவமும், முப்பது நாளும், 1956இன் சட்டம் எழுதி வைத்திருந்த அந்தக் காப்பு வாக்கியமும் போதும். இரண்டாவதைத் தேடும் வேகத்தில் முதலாவது கைவிடப்படுமானால், வாசற்கதவைத் தேடி வரும் எளியவர் பழைய கதவு எண்ணின் முன்னேயே நின்றுகொண்டிருப்பார்.