கத்தி திரும்பும் மூலை

நேரே செல்லும் கருவியை நடத்துதல் எளிது. அது திசை மாறும் இடத்தில் நடத்துதலே அரிது. இவ்வுண்மை கைத்தொழிலுக்கும் பொருந்தும். கணினியால் இயங்கும் எந்திரத்துக்கும் பொருந்தும். ஜொகூர் மாநிலத்தில் இவ்விரண்டும் ஒரே வகை மரத்தின்மீது நிகழ்ந்துள்ளன. அம்மரம் ரப்பர் மரம். உயிரோடு நின்றபோது அதன் பட்டையைத் தோட்டத் தமிழரின் கைக்கத்தி சீவியது. பால் ஓய்ந்து வெட்டுண்டபின் அதன் பலகையை மூவார் வட்டாரத்து மரத்தளவாடத் தொழிற்சாலைகளில் எந்திரக் கத்தி செதுக்குகிறது.

கைக்கத்தி

பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் வளர்த்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பார், மரத்துக்குக் கேடின்றித் தொடர்ந்து பாலெடுக்கும் முறையை ஆய்ந்து பரப்பினார். செங்குத்தான ஒரு கோட்டில் பல சாய்வான வெட்டுகள் வந்து கூடும் அம்முறை மீன்முள்ளை ஒத்திருந்தது. பின்னாளில் ஒற்றைச் சாய்வு வெட்டே பெருவழக்காயிற்று. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில்பாதை 1909இல் நிறைவுறவே, சிகாமட், குளுவாங், கூலாய் முதலிய உட்பகுதிகளில் தோட்டங்கள் பெருகின.

பால் பட்டையில் உள்ளது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அப்படலத்தை நெருங்க வேண்டும், ஆனால் தொடலாகாது. தொட்டால் காயம், மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். உருண்ட மரத்தைச் சுற்றிக் கத்தி செல்லும்போது மணிக்கட்டு இடைவிடாது திரும்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். சாய்வு வெட்டு முடிந்து, பால் மங்குக்குள் இறங்கும் நேர்கோட்டில் கூடும் இடத்தில் கை தன் விசையை அடக்க வேண்டும். நாள்தோறும் விடியலில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவியவர்கள் இதனைக் கண்ணாலும் கையாலும் கற்றார்கள். கண் எப்போதும் கத்திக்கு முன்னே சென்றது.

எந்திரக் கத்தி

எந்திரத்துக்கு எண்களால் வழிகாட்டும் முயற்சி அமெரிக்காவில் தோன்றியது. எலிகாப்டர் இறக்கைகளின் வளைவைப் பிழையின்றி வெட்ட விரும்பிய ஜான் பார்சன்ஸ், 1949இல் விமானப்படையின் ஒப்பந்தத்தைப் பெற்றார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அப்பணியில் சேர்ந்து, துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று திசைகளில் இயங்கும் வெட்டுப்பொறியை 1952இல் இயக்கிக் காட்டியது. ஒவ்வொரு புள்ளியிலும் நின்று வெட்டுவதற்கு மாறாக, புள்ளிகளுக்கு இடையிலும் கருவியின் பாதையைத் தொடர்ந்து ஆளுவதே அதன் சிறப்பு. அன்றே மூலையின் சிக்கலும் உடன் பிறந்தது எனலாம்.

இத்தகைய எந்திரத்தில் ஒரு மோட்டார் கருவியை இடவலமாகவும், மற்றொன்று முன்பின்னாகவும் நகர்த்தும். இவ்வியக்கத் திசைகளை அச்சுகள் என்பர். சதுர மூலையில் முதல் அச்சின் வேகம் முற்றும் அடங்க வேண்டும். அக்கணமே இரண்டாம் அச்சு முழுவேகம் பெற வேண்டும். எடையுள்ள எப்பொருளும் கணத்தில் வேகம் மாறாது. ஆகவே இக்கட்டளையை எந்த எந்திரமும் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற இயலாது.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். கருவி நிமிடத்துக்கு 6 மீட்டர், அதாவது நொடிக்கு 10 சென்டிமீட்டர் செல்கிறது என்று கொள்க. எந்திரத்தின் ஆற்றல், ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 1 மீட்டர் அளவே வேகத்தை மாற்ற வல்லது என்க. அது மூலையில் நிற்க வேண்டுமாயின் 5 மில்லிமீட்டர் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். வேகம் குறையாமல் திரும்பினால் 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு தேவைப்படும். பாதை மூலையிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கினாலோ, ஆரம் நூறில் ஒன்றாகி, விலகல் மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

நிற்பதா, வளைவதா?

எனவே எந்திரம் இயக்குவோர் முன் இரு வழிகள் உள்ளன. மூலைதோறும் முற்றும் நின்று திரும்புதல் ஒன்று. வேகம் விடாது மூலையை வளைத்துச் செல்லுதல் மற்றொன்று. பல எந்திரங்களில் ஜி 61 என்னும் கட்டளை முன்னதையும், ஜி 64 என்பது பின்னதையும் குறிக்கும். நிற்பதே நேர்மை என்று தோன்றும். ஆயின் மரவேலையில் அதற்கும் ஒரு விலை உண்டு. நின்ற இடத்தில் சுழலும் கத்தி மரத்தை உராய்ந்து கருக்கிவிடும். ரப்பர்ப் பலகை வெளிர் நிறத்தது. அதில் கருக்கல் உடனே கண்ணில் படும்.

இப்பலகை தளவாடத்துக்கு உரியதானதும் அண்மைக்கால வரலாறே. 25, 30 ஆண்டுகள் பால் தந்த மரம் முன்பு பெரும்பாலும் விறகாயிற்று. மாச்சத்து மிகுந்த அக்கட்டையைப் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் அழிக்கும். போரான் உப்புக்களை ஊட்டி, சூளையில் உலர்த்தும் முறை பரவியபின், 1980களில் அது ஏற்றுமதிப் பொருளாயிற்று. மூவார் மலேசியாவின் தளவாடத் தலைநகராயிற்று.

நிற்றலுக்கும் வளைதலுக்கும் இடைப்பட்ட வழியை வகுத்தது முன்னோக்கும் முறை. தொடக்ககால எந்திரம் நாடாவில் ஒரு கட்டளையை முடித்தே அடுத்ததை நாடியது. 1970களில் கணினி எந்திரத்தினுள்ளேயே அமைந்தபின், பல கட்டளைகளை முன்கூட்டியே படித்துவைத்தல் கைகூடிற்று. அரை மில்லிமீட்டர் துண்டுகளாக அமைந்த பாதையில், மேற்சொன்ன 5 மில்லிமீட்டரை அறிய 10 துண்டுகள் முன்னே பார்க்க வேண்டும். எவ்வளவு விலகலாம் என்னும் எல்லையைப் பெற்றுக்கொண்டு, மூலை வருமுன்னரே வேகத்தைத் தணித்து, இயன்ற அளவு வளைந்து, மூலை கடந்ததும் மீண்டும் விரைகிறது இன்றைய எந்திரம். அந்த வேக மாற்றமும் திடீரென நிகழாமல் மெல்ல ஏறி மெல்ல இறங்குமாறு செய்வர். இல்லையேல் எந்திரம் அதிர்ந்து, வெட்டிய விளிம்பில் அலை படியும்.

கத்திக்கு முன்னே கண் செல்லுதல், திரும்புமுன் விசை தணிதல், எல்லை மீறாமை ஆகிய மூன்றும் பால்மரம் சீவியவர்க்குப் புதியன அல்ல. எந்திரத்தின் இவ்வறிவு கணிதமாக எழுதப்பெற்றுப் பொறியியல் எனப் பெயர் பெற்றது. கையின் அறிவோ எழுதப்படாமல் கூலிவேலை என்றே கணக்கில் ஏறியது. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சீவும் கைகளும் அருகிவிட்டன. கருவிகளின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிப்போர், 1952ஆம் ஆண்டோடு இந்தத் தோட்டத்து விடியல்களையும் சேர்த்துச் சொல்லுதல் முறையாகும்.